ஆஸ்பத்திரி மைதானத்து ஏழு சுற்றுக் கோட்டை

என் வயதுக்காரர்களில் பதுளையில் வளர்ந்தவர்கள் இன்னும் சிலராவது இருப்பீர்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரே, தெருவுக்கு இந்தப் பக்கம், புல்லும் கல்லுமாக ஒரு பொது மைதானம் கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு மூலையில் பையன்கள் பந்தடிப்பார்கள். மறு மூலையில் யாருடையது என்று தெரியாத ஒரு செம்மாடு மேய்ந்துகொண்டிருக்கும். அந்த மாட்டு மூலையில், ஒரு மழைக்காலத்துக்குச் சற்று முன்னால், சில வாரங்கள் மட்டும் கற்களால் ஆன ஒரு கோட்டை இருந்தது. உங்களில் யாராவது அதற்குள் நடந்திருக்கலாம். அதை இல்லாமல் ஆக்கியவர் என் அப்பா. இவ்வளவு காலமும் இதை முழுதாக நான் வெளியார் யாரிடமும் சொல்லாததற்கு வெட்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

சுதந்திரம் கிடைத்து, தோட்டத்துத் தமிழரின் வோட்டுரிமையைப் பறித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஓவசியர். பட்டணத்துத் தெருக்கள், மழைநீர்க் கான்கள், அந்த மைதானம் எல்லாம் அவருடைய பொறுப்பு. வெள்ளைக் காற்சட்டையும் சோலாத் தொப்பியுமாக அவர் தெருவில் இறங்கினால் வேலையாட்கள் மண்வெட்டியைப் பிடித்தபடி நிமிர்வார்கள். அந்தத் தொப்பியின் உள்ளே ஒரு தோல்பட்டி இருந்தது. வியர்வையும் தலைக்கு வைக்கும் எண்ணெயும் கலந்து ஒரு மணம் வரும். அப்பா தூங்கும்போது அதை எடுத்து மோந்து பார்ப்பேன். அந்த மணம்தான் எனக்கு உலகத்திலேயே பெரிய பதவியின் மணம்.

எங்கள் குவாட்டர்ஸ் மைதானத்தின் ஓரத்தில் இருந்தது. அம்மா சமைக்கும் குசினியின் ஜன்னலைத் திறந்தால் மாடு, அதற்கு அப்பால் ஆஸ்பத்திரி மதில், அதற்கும் அப்பால் முகில் மூடிய நமுனுகல மலை. அம்மா அந்த ஜன்னலை விட்டு நகராமல் இருந்த காலம் அது. நான் பிறந்து பத்து வருடங்களுக்குப் பிறகு அவள் மறுபடி பிள்ளைத்தாய்ச்சி. நடுவில் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அதனால் இந்த முறை அவள் வாசலைக்கூடத் தாண்டமாட்டாள். மெதுவாகப் பேசுவாள், மெதுவாக உட்காருவாள், சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். வயிற்றில் இருப்பதை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல நடந்துகொள்வாள்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மாவை நான் முதலில் அந்த ஜன்னல் வழியாகத்தான் கண்டேன். அவளுடைய மகளுக்குத் தலைப்பிரசவம். கால்கள் வீங்கி, தலை சுற்றி, பிள்ளை பிறக்கும்வரை படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லி வார்டில் போட்டிருந்தார்கள். பார்வையாளர் மணி அடித்தால்தான் உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் அந்த அம்மா மைதானத்து மரத்தடியில் ஒரு எனாமல் கூஜாவும் துணி மூட்டையுமாக உட்கார்ந்திருப்பாள். தலையில் கறுப்புக் கம்பளி. இரவில் பட்டணத்து வேலையாட்களின் லயத்து வரிசை வீடுகளில் ஒரு சொந்தக்காரி வீட்டில் படுத்துக்கொள்வாளாம்.

வேலை செய்தே பழகிய கைக்குச் சும்மா இருப்பது கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் எழுந்து கல் பொறுக்க ஆரம்பித்தாள். தேங்காய் அளவுக் கற்கள். அவற்றை மடியில் கட்டிக்கொண்டு வந்து மாடு மேய்ந்த மூலையில் வளைவாக வைத்தாள். அடுத்த நாள் இன்னொரு வளைவு. நான் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே ஓடிவிடுவேன்.

"என்ன கட்டுறீங்கள்?" என்று கேட்டேன்.

"கோட்டை பாப்பா. ஏழு சுத்துக் கோட்டை. எங்க ஆத்தா சேலத்துப் பக்கம் பொறந்தது. அங்கன இப்பிடிக் கல்லுல இருக்குமாம். இங்க லயத்துல எவளுக்காவது வலி எடுத்தா ஆத்தா தாம்பாளத்துல அரிசியப் பரப்பி வெரலால கோடு இழுத்துக் காட்டும்."

"நீங்கள் கல்லிலை பார்த்திருக்கிறீங்களோ?"

"நான் எங்க பார்த்தேன்? அரிசியில பார்த்ததுதான். அதுவும் பாதி மறந்து போச்சு."

அது உண்மைதான். முதல் தடவை கட்டி முடித்ததும் என்னையும் பந்தடித்த இரண்டு மூன்று பையன்களையும் உள்ளே விட்டாள். ஒரே வழிதான், பிரியாது, தப்ப முடியாது, நடந்துகொண்டே போனால் நடுவுக்குப் போய்விடலாம் என்றாள். நாங்கள் சுற்றிச் சுற்றிப் போய், நடுவுக்குப் போகாமல், கடைசியில் ஒரு கல்வரிசையில் முட்டிக்கொண்டு நின்றோம். அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து ஒரு குச்சியால் மண்ணில் கீறுவதும் அழிப்பதுமாக அந்தப் பின்னேரம் முழுவதையும் போக்கினாள். மணி அடித்தபோது கூடக் கொஞ்சம் தாமதித்துத்தான் எழுந்து ஓடினாள். இரண்டாம் தடவை வழி சரியாக வந்தது.

அதன் பிறகு அந்த மூலைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வார்டுகளில் யாரையோ படுக்க வைத்துவிட்டுக் காத்திருந்தவர்கள்தான் அதிகம். கொஸ்லந்தவிலிருந்து வந்த ஒரு கிழவர், கையில் குழந்தையோடு ஒரு சிங்களப் பெண், தோட்டத்துப் பெண்கள், ஒரு சாயந்தரம் வேலை முடிந்து சப்பாத்தைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு வெள்ளை உடுப்போடு நடந்த நர்ஸ் நோனா. ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். கற்களுக்கு நடுவே காலடி புல்லை மிதித்து மிதித்து வழி மண்நிறமாகிவிட்டது. பக்கத்தில் நின்றால் ஈரக் கம்பளியின் வாசனையும், ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து வரும் லைசோல் வாசனையும், கூஜாவில் ஆறிக்கொண்டிருக்கும் இஞ்சித் தேத்தண்ணீர் வாசனையும் கலந்து வரும்.

நான் வீட்டில் வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்வேன். அம்மா கேட்டுக்கொண்டே ஜன்னலைப் பார்ப்பாள். ஒரு பின்னேரம், அப்பா வேலைக்குப் போயிருந்தபோது, சேலையைச் சரிசெய்துகொண்டு, "வா, ஒருக்கால் பார்த்துக்கொண்டு வருவம்" என்றாள். அத்தனை மாதத்தில் அவள் வாசலைத் தாண்டியது அன்றுதான்.

அந்த அம்மா எழுந்து நின்றாள். அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்கம்மா. மெதுவா நடங்க. அவசரமே இல்ல."

"நடுவிலை போய் என்ன செய்யிறது?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் செய்ய வேணாம். கொஞ்சம் நின்னுட்டுத் திரும்பி வாங்க. போன வழியாவே வெளிய வந்துட்டா, புள்ளையும் அப்பிடி வந்துரும்னு ஆத்தா சொல்லும். நெசமோ பொய்யோ, நடந்தா மனசுக்கு நல்லா இருக்கு."

அம்மா நடந்தாள். நடுவில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். திரும்பும்போது மூச்சு வாங்கியது. அந்த அம்மா கற்களைத் தாண்டாமல், வழியோடே சுற்றிச் சுற்றி உள்ளே போய் அவளுடைய கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அம்மாவின் தங்கக் காப்புப் போட்ட வெள்ளைக் கையும் கொழுந்துக்கறை படிந்த அந்தக் கையும் கோத்திருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்று இரவு அம்மா சோறு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்டுச் சாப்பிட்டாள். ஏன் இப்படிச் சிரிக்கிறாய் என்று அப்பா கேட்டார். சும்மா, என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா பெரும்பாலான பின்னேரங்களில் போனாள். இரண்டு பேரும் நடந்து முடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து பேசுவார்கள். தங்காமல் போன இரண்டு குழந்தைகளைப் பற்றி அம்மா வாய்திறந்து பேசியதை நான் கேட்டது அங்கேதான்.

அப்பாவுக்குச் சொன்னது போஸ்ட்மாஸ்டர் மாமி. அவரும் யாழ்ப்பாணத்துக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையில் சாய்ந்து, பட்டணத்தில் இருந்த நம்மவர்கள் ஒவ்வொருவரையும் பற்றி ஏதாவது சொல்வார். அன்று அம்மா குசினியில் இருந்தாள். நான் கதவுக்குப் பின்னால்.

"ஓவசியர், நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதேங்கோ. உங்கடை மனிசி தோட்டத்துச் சனத்தோடை கை பிடிச்சுக்கொண்டு, காலிலை செருப்பும் இல்லாமல், நடு மைதானத்திலை சுத்துறா. ஊர் முழுக்கப் பார்த்துச் சிரிக்குது."

அப்பா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். மாமி போன பிறகும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா ஏதாவது சொல்லியிருப்பாள், அவரும் கேட்டிருக்கக் கூடும் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலையில் வேலையாட்களையும் ஒரு கைவண்டியையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் வேலியோரம் நின்றுவிட்டேன்.

"எல்லாத்தையும் அள்ளுங்கோ" என்றார்.

வேலையாட்கள் தயங்கினார்கள். அவர்களுடைய பெண்களும் அதற்குள் நடந்தவர்கள்தான். கடைசியில் ஒருவன் வாசலில் இருந்த முதல் கல்லை எடுக்காமல், வழியோடு சுற்றி நடுவுக்குப் போய் அங்கிருந்து எடுக்கப் பார்த்தான். மற்றவர்களும் வரிசையாக அவன் பின்னால் சுற்றினார்கள்.

"என்னடா ஊர்வலமா போறியள்? குறுக்காலை போங்கோடா!"

ஒருவரும் குறுக்கே போகவில்லை. அந்த அம்மா கூஜாவை வைத்துவிட்டு ஓடி வந்தாள். கும்பிட்ட கையை இறக்காமலே பேசினாள்.

"ஐயா, சாமி, கொஞ்ச நாளு பொறுங்கய்யா. எம் மக உள்ள கெடக்கா. அவ பெத்து எந்திரிச்சதும் நானே பொறுக்கிப் போட்டுட்டுப் போயிருவேன்."

"இது ஆருடைய நிலம் எண்டு நினைச்சாய்? இந்த நாட்டிலை உங்களுக்கு வோட்டே இல்லை. இதிலை மைதானத்திலை கோட்டை கட்ட வந்திட்டியள்."

"நெலம் எங்களுக்கு வேணாங்கய்யா. அந்தக் கல்லு மட்டும் இருந்துட்டுப் போகட்டும்."

அப்பா சப்பாத்துக் காலோடு ஒவ்வொரு வரிசையாகத் தாண்டி நேரே நடுவுக்குப் போனார். போகும்போது கற்களைக் காலால் தள்ளிக்கொண்டே போனார். இவ்வளவு நேரமும் அவர் அந்த அம்மாவின் முகத்தை ஒரு தடவையும் பார்க்கவில்லை. கற்களைத்தான் பார்த்தார். வழி உடைந்த பிறகு வேலையாட்களுக்கு வேறு யோசனை இல்லை. அள்ளினார்கள். மத்தியானத்துக்குள் கற்கள் கடைத்தெருவுக்குப் போய், அங்கே கட்டிக்கொண்டிருந்த கானுக்குள் சாந்தோடு சேர்ந்துவிட்டன.

வேலியோரம் நின்ற எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? பெருமை. எல்லோரும் என் அப்பாவுக்குப் பயப்படுகிறார்கள் என்ற பெருமை. கோட்டை போகிறதே என்று கொஞ்சம் வருத்தம் இருந்தது. ஆனால் பெருமைதான் அதிகம். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லவும் சொன்னேன்.

அம்மா ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அன்றிலிருந்து அந்த ஜன்னலை மூடிவிட்டாள். அப்பாவோடு பேச வேண்டியதை மட்டும் பேசினாள்.

அந்த வாரமே மழை தொடங்கியது. பதுளை மழை உங்களுக்குத் தெரியும். கூரைத்தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேசினால் கேட்காது. பட்டணத்து எல்லையில் ஒரு மண்மேடு சரிந்து தெருவை மூடிவிட்டதென்று அப்பா விடியற்காலையிலேயே போய்விட்டார். அன்று காலையில் அம்மாவுக்கு வலி எடுத்தது. நாள் இன்னும் ஆகவில்லை. பக்கத்து வீட்டு லிகிதர் குடை பிடித்து, நான் அம்மாவின் இடுப்பைப் பிடித்து, அந்த வெறும் மைதானத்தின் சேற்றைக் கடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். லிகிதர் அப்பாவைத் தேடிப் போனார்.

வார்டில் இடமில்லை, ஆளும் இல்லை. மண்சரிவில் அடிபட்டவர்களைக் கொண்டுவந்திருந்ததால் நர்ஸ்மார் அங்கேயும் இங்கேயும் ஓடினார்கள். அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இதுவும் போகப்போகுது, இதுவும் போகப்போகுது" என்று அரற்றினாள். அப்போது இரண்டு கட்டில் தள்ளியிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். அந்த அம்மாதான். முந்திய நாள் அவளுடைய மகளுக்குப் பெண்குழந்தை பிறந்திருந்தது; ஆள் பற்றாததால் அவளை உள்ளேயே இருக்க விட்டிருந்தார்கள். தாயும் பிள்ளையும் சுகமாக இருந்தார்கள்.

நான் பயந்துவிட்டேன். எங்களை ஏசி விரட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அம்மாவின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"போகாதும்மா. எதுவும் போகாது. நீங்க நடந்தீங்கல்ல? கண்ண மூடிக்கிட்டு இப்பவும் நடங்க. நான் கையப் புடிச்சிருக்கேன்."

சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த அதே நர்ஸ் நோனாதான் அன்று பொறுப்பில் இருந்தார். அந்த அம்மாவை அவர் விலகச் சொல்லவில்லை. என்னைத்தான் விறாந்தைக்கு அனுப்பினார். மத்தியானம் முழுவதும் நான் அங்கே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே அம்மாவின் குரலும், அதை விடாமல் தொடர்ந்து "உள்ள வந்துட்டீங்க, இனித் திரும்புங்க, மெதுவா, மெதுவா" என்ற அந்தக் குரலும் கேட்டன. மழை விட்ட நேரத்தில் தம்பி அழுதான்.

அப்பா வந்தபோது பின்னேரம். முழங்கால்வரை செம்மண். தொப்பி நனைந்து ஊறிப்போயிருந்தது. அம்மா காகிதம்போல வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள், அவள் பக்கத்தில் துணிக்குள் தம்பி. அப்பா அவனைக் குனிந்து பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். கட்டிலடியில் இரத்தக் கறையோடு அம்மாவின் சேலை சுருண்டு கிடந்தது. பக்கத்தில் கறுத்த ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அப்பா சேலையை விரல் நுனியால் தூக்கி அவளிடம் நீட்டினார்.

"இந்தா, இதைக் கழுவிக்கொண்டு வா. கெதியா."

ஆஸ்பத்திரி வேலைக்காரி என்று நினைத்துவிட்டார். அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அப்பா, இவதான் கோட்டை கட்டின அம்மா" என்று நான் சொல்லிவிட்டேன்.

அப்பா அப்போதுதான் அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"பரவால்லைங்கய்யா, நானே அலசிட்டு வாறேன்" என்று அவள் நகரப் போனாள்.

அம்மா கண்ணைத் திறந்தாள். குரல் மிகவும் பலவீனமாக இருந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அக்கா, அதை அவரிட்டைக் குடுங்கோ. காலமையிலிருந்து என்னைப் பிடிச்சுக்கொண்டிருந்தது நீங்கள். துணியையாவது அவர் கழுவட்டும்."

அக்கா என்ற அந்தச் சொல்லுக்கு வார்டே திரும்பிப் பார்த்தது. ஒரு யாழ்ப்பாணத்து உத்தியோகத்தரின் மனைவி, கணவனை வைத்துக்கொண்டு, தோட்டத்துப் பெண்ணை அப்படி அழைப்பதை அங்கே ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்பா கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். அந்த அம்மாவின் கையிலிருந்து சேலையை வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

வார்டுக்கு வெளியே திறந்த முற்றத்தில் ஒரு குழாய். மழை விட்டதால் பார்வையாளர் கூட்டம் விறாந்தையில் நிறைந்திருந்தது. தோட்டத்துச் சனங்கள், சிங்களச் சனங்கள், மண்சரிவு வேலையிலிருந்து அடிபட்டவனைப் பார்க்க வந்த அவருடைய வேலையாட்கள். எல்லோருக்கும் முன்னால் அப்பா குழாயடியில் குந்தினார். அவருக்குத் துணி கழுவத் தெரியாது. தண்ணீரில் முக்கினார், தூக்கினார், மறுபடி முக்கினார். சிவந்த தண்ணீர் அவருடைய சப்பாத்தைச் சுற்றி ஓடியது. யாரோ ஒரு பையன் சிரித்தான். யாரோ அவனை அதட்டினார்கள்.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது என்று இருந்தது. வேலியோரம் நின்றபோது துளியும் வராத வெட்கம், அந்த மனிதர் தன் மனைவியின் துணியைக் கழுவுகிறபோது வந்தது. தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இவர் யார் என்று யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்லக்கூட ஆயத்தமாக இருந்தேன்.

சேலை நீளமானது. ஒருவரால் பிழிய முடியாது. அப்பா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடினார். தூணோரத்தில் என்னைக் கண்டும்விட்டார்.

"பிள்ளை, இஞ்சை வா. வந்து மற்ற முனையைப் பிடி."

நான் போகவில்லை. அவர் இன்னொரு முறை கூப்பிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மா முற்றத்தில் இறங்கி மற்ற முனையைப் பிடித்திருந்தாள். அவர் ஒரு பக்கமாகவும் அவள் மறு பக்கமாகவும் முறுக்கினார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. தண்ணீர் சொட்டி முடிந்ததும் அப்பா ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு மகளிடம் போய்விட்டாள். அடுத்த நாள் தோட்டத்து லொறியில் மூன்று பேரும் ஸ்பிரிங்வெளிக்குத் திரும்பிவிட்டதாக நர்ஸ் நோனா சொன்னார். அப்பா என்ன சொன்னார் என்று நான் அவர் இருந்தவரை கேட்கவேயில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் போஸ்ட்மாஸ்டர் மாமி அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கதிரையில் வந்து உட்காரவில்லை.

தம்பிக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். போன வருடம் அவன் வந்திருந்தபோதுதான் தன் பிறப்பைப் பற்றிய இந்தக் கதையை என் வாயால் முதன்முதலில் கேட்டான். கோட்டையைப் பற்றிச் சொன்னேன், அப்பா கல்லைத் தள்ளியதைச் சொன்னேன், குழாயடியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவன் ஒன்றே ஒன்றைக் கேட்டான்.

"அக்கா, அப்பா கூப்பிட்டவரெல்லே? நீ ஏன் போகேல்லை?"

"ஆக்கள் பார்த்துக்கொண்டு நிண்டவை, தம்பி" என்றேன்.